நியூசிலாந்து வெள்ளை ஒயினுக்குக் குமுளி வீட்டில் என்ன சமைக்கலாம்?

குமுளியில் இருக்கிற என் சித்தப்பா மகள் போன் செய்து கேட்டாள். மகளுக்கு நிச்சயமாகியிருக்கும் கட்டப்பனை வீட்டார், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஒயின் கிளாஸ் எடுக்கக்கூடியவர்கள் பன்னிரண்டு பேர். மாப்பிள்ளையின் அத்தை நியூசிலாந்தில் நர்ஸ். லீவில் வந்தவர், ஏர்போர்ட்டில் அனுமதிக்கிற 2 லிட்டருக்குள் இரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம் என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டிலில் மார்ல்பரோ என்ற ஊர்ப் பெயரும், சாவின்யோன் பிளாங்க் என்ற திராட்சை வகையின் பெயரும் போட்டிருக்கிறதாம். "அண்ணே, இதுக்கு என்ன சமைக்கணும்? நம்ம வீட்டு அயிரை மீன் கொழம்பு வைக்கவா? இது இனிக்குமா? ஐஸ் போட்டுக் குடிக்கணுமா?"

போனிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் கொச்சியிலும் தேக்கடியிலுமாக இருபது வருஷம் ஓட்டல் மேசைகளில் ஒயின் ஊற்றியவன் நான். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒயின் சேரவே சேராது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. எதற்குச் சேரும், எதற்குச் சேராது, ஏன் என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டால் தங்கச்சிக்கும் உதவும், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் நேரான பதில். அந்த ஒயின் இனிக்காது, புளிக்கும். எந்தப் பதார்த்தத்தைப் பார்த்ததும் ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு இருந்தால் நல்லா இருக்குமே என்று தோன்றுகிறதோ, அதற்கெல்லாம் இது சேரும். ஏற்கனவே புளி கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூளும் தாராளமாகப் போட்டு வைத்த குழம்புக்குச் சேராது. அயிரை மீன் குழம்பு இந்த இரண்டாவது கூட்டம். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு புளிப்பு? வெள்ளை ஒயினுக்குப் பழத்தை நசுக்கியதும் தோலைப் பிரித்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க விடுவார்கள். சாவின்யோன் பிளாங்க் மாதிரி வகையை ஸ்டீல் தொட்டியில், குளிரூட்டி, மெதுவாகப் புளிக்க வைப்பார்கள். சூடு ஏறினால் மணம் பறந்துவிடும். சிவப்பு ஒயினில் முதல் நொதிப்பு முடிந்ததும் பாக்டீரியாவை விட்டு, மாலிக் அமிலம் என்கிற கூர்மையான புளிப்பை மோர்ப் புளிப்பான லாக்டிக் அமிலமாக மாற்றுவது வழக்கம். இதில் பெரும்பாலும் அதைச் செய்யாமல் தடுத்துவிடுவார்கள். மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளின் புளிப்பு. நமக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், கிளிமூக்கு மாங்காயைக் கடித்ததும் தாடை ஓரத்தில் எச்சில் ஊறுகிறதே, அந்தப் பக்கத்துப் புளிப்பு.

மார்ல்பரோ நியூசிலாந்தின் தென் தீவில், வடக்கு முனையில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர். வெயிலில் பழம் இனிப்பேறும், குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும். இரண்டும் ஒரே பழத்தில் சேர்வதுதான் அந்த ஊரின் அதிர்ஷ்டம். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் ராயப்பன்பட்டித் திராட்சைப் பந்தலில் அப்படி நடக்காது. கவாத்து வெட்டி ஏறக்குறைய நாலு மாசத்தில் அறுப்பு, வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும். அது வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத வரம். ஆனால் மலையடிவாரத்துச் சூடு ராத்திரியிலும் முழுசாக இறங்குவதில்லை, பழம் இனிக்க இனிக்கப் புளிப்பு விலகிக்கொண்டே போகும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. சாப்பிடவும் ஜூஸ் போடவும் அதை விஞ்சிய பழம் எனக்குத் தெரியாது. புளிப்பும் துடிப்புமான வெள்ளை ஒயினுக்கான பழம் மட்டும் அது இல்லை.

இந்த ஒயினின் மணத்தைப் பற்றி யாரும் குமுளி வீட்டுக்கு வகுப்பெடுக்க வேண்டியதே இல்லை. தங்கச்சி, உன் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் பாஷன் புரூட் கொடியில் ஒரு பழத்தை உடைத்து முகர்ந்து பார். பிறகு பழுக்கப் போகிற கொய்யா ஒன்று. பிறகு ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளி முகர்ந்து பார். கிளாஸில் வரப்போவது இந்த மூன்றும்தான். ஏதோ உவமைக்காகச் சொல்லவில்லை. பாஷன் புரூட்டுக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற கந்தகச் சேர்மங்களே இந்த ஒயினிலும் இருக்கின்றன. பச்சை மிளகாயிலும் குடைமிளகாயிலும் வருகிற அந்தப் பச்சை வாசனைக்குக் காரணமான பைரசின் என்ற பொருளும் இந்தத் திராட்சையில் இயல்பாகவே உண்டு. நம் பன்னீர் திராட்சையின் ரோஜா வாசம் வேறு குடும்பம், அது மஸ்கட் வம்சத்திலிருந்து வந்தது. லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர் படித்துத் தெரிந்துகொள்கிற மணத்தை ஏலமலையில் இருப்பவர் பிறந்ததிலிருந்து முகர்ந்திருக்கிறார். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. கட்டப்பனை வீட்டார் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறவர்களாக இருப்பார்கள். பரணி என்கிற பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, தினம் ஒருதரம் கிளறி, வடிகட்டி எடுக்கிற அந்தக் கருஞ்சிவப்பு ஒயின் பாகு மாதிரி இனிக்கும். நிச்சயதார்த்தத்திலும் கல்யாணத்திலும் கேக்கோடு கொடுப்பதும் அந்த வகைதான். சம்பந்தியம்மா அதே நினைப்பில் ஒரு வாய் குடித்தால் முகம் சுளிப்பார், உனக்கு மனசு சங்கடமாகிவிடும். "இது இனிக்காதும்மா, நாரங்கா மாதிரி இருக்கும், சாப்பாட்டோடதான் குடிக்கணும்" என்று ஊற்றும்போதே சொல்லிவிடு; நாரங்கா என்றால் அவர்களுக்கு எலுமிச்சை. நாக்கு எதை எதிர்பார்க்கிறது என்பது பெரிய விஷயம். ஒருபோதும் சர்க்கரை கலந்து கொடுக்காதே.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம், ஒயினைத் திறக்கவே வேண்டாம். பாதி எலுமிச்சையைத் தண்ணீரில் பிழி, வேறெதுவும் போடாதே. ஒரு வாய் குடி. தாங்காது. இப்போது உப்புத் தூக்கலான நேந்திரங்காய் சிப்ஸ் நாலைந்து தின்றுவிட்டு மறுபடி குடி. அதே தண்ணீர் இதமாகியிருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பும் உப்பும் சேர்ந்து புளிப்பின் முனையை மழுக்கிவிடுகின்றன, புளிப்பு பதிலுக்கு நாக்கில் ஒட்டிய எண்ணெயை வழித்துவிட்டு அடுத்த சிப்ஸுக்கு இடம் செய்கிறது. கடைசியாக ஒரு ஸ்பூன் பாயசம் சாப்பிட்டுவிட்டுக் குடி. வினிகர் குடித்த மாதிரி இருக்கும். இந்த மூன்று வாயும் உனக்குப் பிடிபட்டால் மீதி எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடுவாய்.

ஆகவே வந்ததும் கொடுக்க வேண்டியது கேக்கும் லட்டும் இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ், உப்புப் போட்டு வறுத்த முந்திரி, பொரித்த பப்படம். கூடவே இறால் கிடைத்தால் மிளகும் மஞ்சளும் உப்பும் புரட்டி, தேங்காய் எண்ணெயில் வறுத்து, தேங்காய்ப் பல்லும் கருவேப்பிலையும் போட்டு இறக்கி, எலுமிச்சை பிழியாமல் கொண்டு போ. எலுமிச்சையின் வேலையைக் கிளாஸ் செய்யும்.

சாப்பாட்டின் நடுநாயகமாக நான் வைக்கச் சொல்வது மீன் மோலி, தேங்காய்ப்பாலில் வைக்கிற கேரளத்து மீன் கறி. இருபது வருஷத்தில் எத்தனை மேசைகளில் இந்தச் சேர்க்கையை வைத்திருக்கிறேனோ, ஒருவர்கூட வேண்டாம் என்று தட்டைத் தள்ளியதில்லை. அதில் இருக்கிற ஒவ்வொன்றும் இந்த ஒயினுக்கென்றே வந்து சேர்ந்தது போல இருக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் பூசும், ஒயின் அதை அறுக்கும். காரம் என்று இருப்பது கீறிப் போட்ட பச்சை மிளகாய் மட்டும், அதன் பச்சை வாசனையைத்தான் ஒயினிலும் இருக்கிறது என்று சொன்னேன். இஞ்சி, கருவேப்பிலை, மிளகு எல்லாம் மணத்துக்கு நிற்கின்றன, நெருப்புக்கு இல்லை. மேலாகத் தக்காளி வில்லைகள், அவ்வளவுதான் புளிப்பு.

நீ செய்கிற மாதிரி செய், சில இடங்களில் மட்டும் நான் சொல்கிறபடி கையை அடக்கு. பன்னிரண்டு பேருக்கு 2 கிலோ நெய்மீன் போதும். நம் பக்கம் வஞ்சிரம் என்கிறோமே அதுதான். கொஞ்சம் கனமான துண்டாக வெட்டச் சொல், இல்லாவிட்டால் உடைந்துவிடும். ஆவோலி, அதாவது வாவல் மீன், நல்லதாகக் கிடைத்தால் இன்னும் சந்தோஷம். மஞ்சள், உப்பு, மிளகுத்தூள் புரட்டி அரைமணி நேரம் வைத்து, தேங்காய் எண்ணெயில் இரண்டு பக்கமும் லேசாக நிறம் மாறுகிற வரைக்கும் மட்டும் வாட்டி எடு, மொறுமொறுப்பு வேண்டாம். அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கருவேப்பிலையை வதக்கு, வெங்காயம் சிவக்கக் கூடாது. சிவந்தால் இனிப்பு ஏறும். இரண்டாம் பாலை ஊற்றி, கொதி வந்ததும் மீனைப் பரத்திப் போட்டு, மீன் வெந்ததும் தக்காளி வில்லைகளை மேலே அடுக்கி, கடைசியில் தலைப்பாலை ஊற்றிச் சட்டியை ஒரு சுழற்று சுழற்றி இறக்கிவிடு. கரண்டி போடாதே, கொதிக்கவும் விடாதே. மூன்று பெரிய தேங்காய் உடைக்க வேண்டியிருக்கும். பாக்கெட் பால் வேண்டாம், அதன் கனம் வேறு, மணமும் இருக்காது. குடம்புளியின் பக்கமே போகாதே. எலுமிச்சை பிழிகிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் நிறுத்திவிடு.

தொட்டுக்கொள்ள அப்பம். அரிசி மாவு புளித்து வருகிற இலேசான இனிப்பும், நடுவே பஞ்சு, ஓரத்தில் மொறுமொறுப்பும். இந்த ஒயினோடு சோற்றைவிட அப்பம்தான் பொருந்தும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இடியாப்பமும் ஆகும்.

இனி காரம். ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஓட்டலில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி, கோட்டயம் பாணிச் சிவப்பு மீன் கறி கேட்டார்கள். மிளகாய்த்தூளில் சிவந்து, குடம்புளியில் கறுத்து நிற்கிற கறி. மீன் என்றால் வெள்ளை ஒயின் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி, நான் இதே சாவின்யோன் பிளாங்க்கைச் சில்லென்று ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு கவளம் சாப்பிட்டு, வாய் எரிகிறதென்று ஒயினைக் குடித்து, எரிச்சல் கூடி, மறுபடி குடித்து, கண்ணில் தண்ணீர் வர என்னைப் பார்த்தார். நான் தயிர் கொண்டு வந்து கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தப்பு கறியில் இல்லை, ஒயினிலும் இல்லை, சேர்த்து வைத்த என்னிடம்தான்.

பிற்பாடுதான் காரணம் படித்தேன். வாயில் சூட்டை உணர்த்துகிற நரம்பு முனைகள் சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் சுடுகிறது என்று கத்தும். மிளகாயின் காரப்பொருள் அதே முனையைத் தட்டி ஏமாற்றுவதால்தான் எரிகிறது. ஒயினில் இருக்கும் எத்தனால் அந்த 42-ஐ 34 வரைக்கும் இறக்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37. அதாவது ஒயின் பட்ட வாய், தன் சொந்தச் சூட்டையே எரிச்சலாக உணரும் நிலைக்கு வந்துவிடுகிறது, அதன் மேல் மிளகாய் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள். சில்லென்று இருப்பதால் ஒரு நொடி ஆறினாற்போல இருக்கும், விழுங்கியதும் இரட்டிப்பாக வரும். இந்த ஒயினில் ஆல்கஹால் 12.5, 13 சதவீதம் இருக்கும். அதனால் காந்தாரி மிளகாய்த் துவையலோடு கப்பக் கிழங்கு (மரவள்ளி) வைப்பதென்றால் துவையலைத் தள்ளி வை.

புளிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. கிளாஸில் இருக்கும் புளிப்பு தட்டில் இருக்கும் புளிப்புக்குச் சமமாகவோ ஒரு பிடி கூடவோ இருக்க வேண்டும். தட்டு ஜெயித்துவிட்டால் ஒயின் தண்ணீராகிவிடும். நம் அயிரை மீன் குழம்பில் புளி எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அதில் எந்த ஒயினும் நிற்காது. ஆனாலும் அந்தக் குழம்பை வைக்கத்தான் வேண்டும், தங்கச்சி. தேனிப் பக்கத்து வீட்டில் பெண் எடுக்கிறவர்களுக்கு அதைப் போடாமல் அனுப்பினால் அது நம் வீட்டுச் சாப்பாடாகவே இருக்காது. அப்பமும் மோலியும் முடிந்து, கிளாஸை எல்லாம் எடுத்த பிறகு, இலையில் சோறு போட்டு மண்சட்டியோடு கொண்டு வா. அப்போது குடிக்கத் தண்ணீரோ மோரோ போதும். உயிரோடு அயிரை வாங்கி, பாலில் விட்டுக் கழுவி, முந்தின நாளே குழம்பு வைத்துவிடு. அதற்கு முந்தின நாள் குழம்பு என்பதே பெருமை.

கோழிக்கு மப்பாஸ் வைக்கலாம். மல்லித்தூள் முன்னால் நின்று, மிளகாய் பின்வாங்கி, தேங்காய்ப்பாலில் முடிகிற கறி. மாட்டிறைச்சி உலர்த்தியது என்கிற வறுவலை அவர்கள் எதிர்பார்ப்பார்கள். அதைச் செய், ஆனால் மிளகும் தேங்காய்க் கொத்துமாகக் கறுத்து வறண்டு நிற்கிற அந்த இறைச்சிக்கு இந்த ஒயின் மெலிவு. மேசையில் இருக்கட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நீ அதற்காக ஒயினை மிச்சம் பிடிக்காதே. மாறாக யாராவது சிவப்பு ஒயின் கொண்டு வந்தால் மீனோடு ஊற்றிவிடாதே. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புதான் கடலுணவோடு சேரும்போது வாயில் கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளையில் அந்தத் தொந்தரவு குறைவு.

மரக்கறியில் என் முதல் ஓட்டு அவியலுக்கு. தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து, தயிர் சேர்த்து, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி இறக்குகிற பதார்த்தம், அதில் இருக்கும் பச்சை வாசனை முழுக்க ஒயினோடு கை கோர்க்கும். மாங்காய் போட்டால் தயிரைக் குறைத்துக்கொள். தேங்காய்ப்பாலில் பூசணி போட்டு வைக்கிற ஓலன் இன்னும் சாது. தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியலான தோரனும் சேரும். இஞ்சிக் கறி, மாங்காய் ஊறுகாய், மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரி மூன்றும் அயிரைக் குழம்போடு வரட்டும்.

மிளகைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்க்கு ஒயின் பகை, மிளகுக்குப் பகை இல்லை. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது. அதற்கு முன்பு ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நம் சமையலின் காரம் மலைமேல் விளைந்த இந்த மிளகுதான். அந்தக் காலத்தில் யவனர்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. கொடுங்கல்லூர்ப் பக்கம் பட்டணம் என்ற ஊரில் தோண்டியபோது ரோமானிய ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்து தந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார், குளிர்ச்சியும் மணமும் உடைய தேறல் என்கிறார். அந்த இரண்டு குணத்தைத்தான் இன்றைக்கும் நல்ல வெள்ளை ஒயினில் தேடுகிறோம். மிளகு விளைகிற வீட்டில் ஒயின் வைப்பது ஏதோ புதுநாகரிகம் என்று உன் மாமியார் சொன்னால் இதைச் சொல்.

குளிர்ச்சி என்றதும் ஐஸ் கட்டி போடக் கேட்டிருந்தாய். போடாதே, கரைந்து சுவை கெடும். இந்த ஒயினுக்கு 7 முதல் 10 டிகிரி சரி. காலையில் பூசைக்குப் போகும்போது இரண்டு பாட்டிலையும் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போ, சாப்பிட உட்காருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடு. பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் எழாது, பாஷன் புரூட்டையும் கொய்யாவையும் தேடிக்கொண்டே இருப்பார்கள். கரண்ட் போய்விட்டால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டு, ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போட்டு, கழுத்து வரை முங்கும்படி பாட்டிலை நிறுத்து. இருபது நிமிஷம் போதும். பிரீசரில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடித்துவிடலாம். மூடி திருகு மூடியாக இருக்கும், கார்க் இல்லையே, மட்டமான சரக்கோ என்று நினைக்காதே. நியூசிலாந்துக்காரர்கள் 2001-லிருந்தே கார்க்கை விட்டு வேண்டுமென்றே திருகு மூடிக்குப் போனவர்கள், புதுமணம் அப்படியே நிற்கிறது என்பதுதான் காரணம். இது வருஷக்கணக்கில் பூட்டி வைக்கிற ஒயினும் இல்லை. இளசாகக் குடிப்பதுதான் அழகு.

ஸ்டீல் டம்ளரில் ஊற்றாதே. மெல்லிய கண்ணாடிக் கிளாஸ், வாய் கொஞ்சம் குறுகலாக இருந்தால் மணம் உள்ளேயே சுற்றும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு பாட்டில் 750 மில்லி, இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு 125 மில்லி. சாப்பாட்டோடு அது போதுமான அளவு. கேரளத்தில் குடிக்கச் சட்டப்படி 23 வயசு ஆக வேண்டும், மாப்பிள்ளையின் காலேஜ் தம்பிக்கு ஊற்றாதே. வண்டி ஓட்டித் திரும்பக் கட்டப்பனை போகிறவருக்கும் கூடவே கூடாது, அந்த மலைப்பாதை வளைவுகள் உனக்குத் தெரியாததில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களை வற்புறுத்தாதே.

இந்தப் பாட்டில் கிடைக்காதவர்களுக்காக: நாசிக்கில் சுலா நிறுவனம் 2000-ல் முதன்முதலாக வெளியிட்டவையே சாவின்யோன் பிளாங்க்கும் செனின் பிளாங்க்கும்தான். அதற்குப் பிறகு நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கமும் பலர் செய்கிறார்கள். நம் சாப்பாட்டுக்கு என்று ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால், லேசான இனிப்பு தங்குகிற செனின் பிளாங்க்கை எடுப்பேன். அந்தக் கொஞ்ச இனிப்பு காரத்தைத் தணிக்கும். மிளகாய் போட்டு வாழையிலையில் சுட்ட கரிமீன் பொள்ளிச்சதுக்குச் சாவின்யோனைவிட அதுதான் தாங்கும். போர்ச்சுகலின் வடமேற்கிலிருந்து வருகிற வின்யோ வெர்தே என்று ஒன்று உண்டு. பெயருக்குப் பச்சை ஒயின் என்று அர்த்தம், நிறத்தைச் சொல்லவில்லை, இளசு என்பதைச் சொல்கிறது. ஆல்கஹால் குறைவு, நாக்கில் சோடா மாதிரி மெல்லிய குறுகுறுப்பு இருக்கும். வறுத்த மத்திக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை. எங்கே வாங்கினாலும் அந்தந்த மாநிலத்துக் கடையில் வாங்கி அங்கேயே குடியுங்கள், செக்போஸ்ட் தாண்டிப் பாட்டில் கொண்டு போகிற வேலை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒயின் கொஞ்சம் மீந்தால் மூடியைத் திருகி பிரிட்ஜில் நிறுத்தி வை, மூன்று நாளைக்குத் தாங்கும். பாயசம் வருவதற்கு முன்னால் கிளாஸ்கள் மேசையை விட்டுப் போயிருக்க வேண்டும், இதை மறந்துவிடாதே. ஒயின் வேண்டாம் என்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிற நிலை வேண்டாம். சனிக்கிழமை காலையில் நம் தோட்டத்தில் அறுப்பு இருக்கிறது. இரண்டு பெட்டி பன்னீர் திராட்சை கம்பத்தில் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், பதினொரு மணிக்குக் குமுளி ஸ்டாண்டுக்குப் பையனை அனுப்பு. பழத்தை நசுக்கி, கொட்டை உடையாமல் வடிகட்டி, சர்க்கரை சேர்க்காமல் அதே மாதிரிக் கிளாஸில் சில்லென்று கொடு. சம்பந்தியம்மா அநேகமாக அதைத்தான் இரண்டாம் முறை கேட்பார்.